ஞாயிற்றுக்கிழமை ப்சிலோரீத்திஸ் ஏறக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கோவைக்காரன், ஹெராக்லியோன்:
வணக்கம். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ப்சிலோரீத்திஸ் மலை உச்சிக்குப் போகிறார்கள். பேராசிரியர் "நீயும்தானே?" என்று கேட்டார், தலையை ஆட்டிவிட்டேன். இங்கே தலையை மேல்நோக்கித் தூக்கினால் இல்லை என்று பொருளாம். நான் எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பெயரை எழுதிக்கொண்டுவிட்டார்கள். என்னிடம் ஓடுவதற்கான ஷூ ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளியங்கிரி இரண்டு முறை ஏறியிருக்கிறேன். அது போதுமா? வரவில்லை என்றால் தவறாக நினைப்பார்களா? நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

ரெதிம்னோ அக்கா:
தம்பி, முதலில் வரி எண் வாங்கிவிட்டீர்களா? அது இல்லாமல் இங்கே எதுவும் நகராது. நான் வந்த புதிதில் ஒரு தாளுக்காக மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை மின்வெட்டு. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன், ஒரு பாட்டி ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார். மலை எங்கேயும் ஓடிவிடாது. தாள்களை முடியுங்கள். குளிர்காலத்துக்குக் கம்பளிக் காலுறையும் இப்போதே வாங்கி வையுங்கள். இங்கே வீட்டுக்குள்தான் குளிர் அதிகம்.

நிகோசியா அண்ணன்:
தம்பி, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். சைப்பிரசில் த்ரோதோஸ் மலையின் ஒலிம்பஸ் சிகரம் 1,952 மீட்டர். ஏறக்குறைய மேல் வரைக்கும் காரிலேயே போய்விடலாம். நான் செருப்போடுதான் போனேன், சப்பாத்துக்கூடப் போடவில்லை. வந்த முதல் வருடம் எனக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளையும் துணி துவைத்தே கழித்தேன். கூப்பிட ஆள் இருக்கும்போதே போய் வாருங்கள்.

பால்மா சமையல்காரர்:
அண்ணன் சொல்வதைக் கேட்டுச் செருப்போடு போய்விடாதீர்கள். இங்கே ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மசனேயா மலை 1,364 மீட்டர்தான். ஓட்டல் சமையலறைப் பையன்கள் கூப்பிட்டார்கள் என்று கேன்வாஸ் ஷூவோடு கிளம்பினேன். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் அரித்து அரித்து, வரிசையாக அரிவாள்மணையை நிறுத்தி வைத்ததுபோல் ஆக்கியிருக்கிறது. பாதி வழியில் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. பை வாரை அறுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மறுநாள் பன்னிரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

ரெதிம்னோ அக்கா:
அதுவும் சரிதான். ஆமாம், பால்மாவில் கறிவேப்பிலை கிடைக்கிறதா?

பால்மா சமையல்காரர்:
கிடைக்கும், தங்க விலையில். ஒரு கைப்பிடியை மூன்று வாரம் உறையவைத்துப் பயன்படுத்துகிறேன்.

நிகோசியா அண்ணன்:
இங்கே இலங்கைக் கடை இருப்பதால் அந்தக் கவலை இல்லை. வீட்டுக்காரர்தான் கவலை. எதைத் தாளித்தாலும் ஜன்னலைத் திற என்கிறார்.

ரெதிம்னோ அக்கா:
ஜன்னல் பரவாயில்லை. இங்கே மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊரே தூங்கும். வந்த மாதம் நாலு மணிக்குக் குக்கர் வைத்தேன். மூன்றாவது விசிலுக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து பருப்பை ராத்திரியில்தான் வேகவைக்கிறேன்.

கோவைக்காரன், ஹெராக்லியோன்:
மன்னிக்கவும், ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் குடியிருப்பு அனுமதிக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். அந்தத் தேதி கிடைப்பதற்கே பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மலையில் ஏதாவது ஆகித் தவறவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தூக்கம் வரவில்லை.

ரெதிம்னோ அக்கா:
இதையல்லவா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்! போகவே போகாதீர்கள்.

முன்னாள் ஹெராக்லியோன்வாசி:
நான் அங்கே நான்கு வருடம் இருந்தேன், அந்த மலையில் ஐந்து முறை ஏறியிருக்கிறேன். இவ்வளவு பேசிவிட்டீர்கள், எந்த வழியாகப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே! அனோயா ஊருக்கு மேலே நீதா சமவெளியிலிருந்தா, தெற்கே கமாரெஸ் கிராமத்திலிருந்தா? காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?

கோவைக்காரன், ஹெராக்லியோன்:
நீதா. ஆறு மணிக்குக் கார் வரும். பேராசிரியர் போன மே மாதமும் போனாராம்.

முன்னாள் ஹெராக்லியோன்வாசி:
நல்லது. கமாரெஸ் வழி என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். நீதா சுமார் 1,400 மீட்டர், உச்சி 2,456. ஆயிரம் மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். வழியில் ஏறி, கொஞ்சம் இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். உட்கார்ந்து எழுந்து போய்வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். கயிறு போட்டு ஏறுகிற இடம் எதுவும் கிடையாது.

வெள்ளியங்கிரி ஏறிய கால் இதற்குப் போதும். ஆனால் அங்கே மர நிழல் உண்டு, சுனை உண்டு, முன்னும் பின்னும் ஆட்கள் உண்டு, கையில் மூங்கில் தடி உண்டு. இங்கே கிரேக்கக் கடவுள் ஸியூஸ் வளர்ந்த குகை என்று சொல்லப்படும் குகையைத் தாண்டினால் நிழல் என்று ஒன்று இல்லை. பாறை, முட்புதர், மறுபடியும் பாறை. உச்சியில் சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சிறிய சிலுவைக் கோயில் இருக்கிறது, குனிந்துதான் நுழைய வேண்டும். காற்று அடித்தால் அதற்குள்தான் ஒதுங்குவீர்கள். பக்கத்தில் நீர்த்தொட்டி உண்டு, அதை நம்பி ஏறாதீர்கள். மூன்று லிட்டர் தண்ணீரைக் கீழிருந்தே சுமக்க வேண்டும். தொப்பி, காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, முழுக்கால் சட்டை. மே மாதத்தில் மேலே பனித்திட்டுகள் மிச்சம் இருக்கும். மற்றவர்கள் மிதித்த தடத்திலேயே மிதியுங்கள், குறுக்கே போகாதீர்கள்.

இந்த மலையில் வழி தவறுவது மூடுபனியால்தான். மஞ்சள் கறுப்பு அடையாளக் கம்பங்கள் சில சாய்ந்து கிடக்கும், சில பலகைகளில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைதான் இருக்கும். உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால், அல்லது தென்காற்று தூசியைக் கொண்டுவந்து வானம் மஞ்சளித்தால், "நான் இங்கேயே திரும்புகிறேன்" என்று சொல்லுங்கள். ஆனால் தனியாக இறங்காதீர்கள், ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று காரிலேயே பேசி வையுங்கள். அவசர எண் 112. எல்லா இடத்திலும் தொடர்பு கிடைக்காது. பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு நகலை எடுத்துப் போங்கள். இறங்கியதும் அனோயாவில் சிக்குதியா சாராயம் ஊற்றுவார்கள். குடிக்காதவர் என்றால் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தால் போதும், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. கையுறை வாங்குங்கள், தோட்ட வேலைக்குப் போடுவது போதும். அந்தப் பாறையில் கையை ஊன்றினால் விரல் நுனித் தோல் உரிந்துவிடும். திங்கட்கிழமை கருவி உங்கள் ரேகையை எடுக்க மறுத்தால் பிறகு அக்காவோடு வாசற்படியில்தான் உட்கார வேண்டும்.

ரெதிம்னோ அக்கா:
ஆரஞ்சுப் பழம் நான் கொண்டு வருகிறேன்.

பால்மா சமையல்காரர்:
எல்லாம் சொன்னார், ஷூவைப் பற்றிப் பேசவில்லையே.

முன்னாள் ஹெராக்லியோன்வாசி:
தேயாத ஓட்ட ஷூ போதும். நாளைக்குப் புது பூட்ஸ் வாங்கிப் போட்டால் குதிகால் கொப்புளிக்கும்.

பால்மா சமையல்காரர்:
தம்பி, இப்போதே அந்த ஷூவை இரண்டாக வளைத்துப் பாருங்கள்.

கோவைக்காரன், ஹெராக்லியோன்:
வளைத்தேன். வலது ஷூவில் பெருவிரலுக்கு நேரே வெடிப்பு, உள்ளே காலுறை தெரிகிறது. சனிக்கிழமை கடை எதுவரை இருக்கும்?

ரெதிம்னோ அக்கா:
மத்தியானத்துக்குள் போய்விடுங்கள், பிறகு சின்னக் கடைகள் மூடிவிடும். ஞாயிறு எதுவும் கிடைக்காது. அரை அளவு பெரிதாக வாங்கி, ராத்திரி வரை அதைப் போட்டுக்கொண்டே மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். மூன்றிலிருந்து ஐந்தரை வரை மட்டும் வேண்டாம்.