பொருள்: “தகைவு நீக்கம்” போதாது, “பின்பதமூட்டல்” என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் ஆயர் தாவாரிலிருந்து எழுதுகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வெல்டிங் படிக்க வரும் தம்பிகளுக்காகத் தயாராகும் கையேட்டைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். இவர்களில் பலருக்கு முதல் வேலை செம்பனை ஆலைக் கொதிகலனில்தான். கை தேறியவன் அடுத்து எதிர்பார்ப்பது மஞ்சோங் போன்ற மின்நிலையத்தை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலை. ஆலையில் பிடித்த குழாய் சாதாரணக் கரிம எஃகு. பெரிய மின்நிலையத்தில் நீராவி 540 பாகை செல்சியஸைத் தொடும், புதிய அலகுகளில் 600 பாகையை ஒட்டி ஓடும். அந்தச் சூட்டைத் தாங்க பி22, பி91 என்ற குரோமியம்-மாலிப்டினம் எஃகுகள் வேண்டும். அங்கே பற்றவைத்து முடித்த பிறகு மூட்டை மறுபடி சூடாக்கிப் பிடித்து வைப்பார்கள் அல்லவா, அந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

திருச்சி அண்ணன் எழுதியிருந்தார்:

> எங்கள் பக்கம் பட்டறையில் ‘எஸ்.ஆர். (ஸ்ட்ரெஸ் ரிலீஃப்) போட்டாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். அதையே ‘தகைவு நீக்கம்’ என்று தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது.

அண்ணன், கரிம எஃகுக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். வெல்டு குளிரும்போது உலோகத்துக்குள் மாட்டிக்கொண்ட இழுவிசை, 600 பாகைக்குச் சற்று மேலே சூடாக்கினால் தளர்ந்துவிடும். பி91-க்கு அதே பெயரை வைத்தால் படிக்கிற பையன் மனதில் தப்பான படம் விழுந்துவிடும் என்பதுதான் என் கவலை.

பி91-இல் 9 விழுக்காடு குரோமியம், 1 விழுக்காடு மாலிப்டினம், அதோடு கொஞ்சம் வனேடியம், நியோபியம், நைட்ரஜன். 1970களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் வேக ஈனுலை என்ற அணு உலைத் திட்டத்தை ஒட்டி வளர்ந்த எஃகு இது. 1980களில் கொதிகலன் விதிநூலுக்குள் வந்தது. இதன் பலம் கலவையில் பாதி என்றால் மீதி நுண்ணமைப்பில் இருக்கிறது. ஆலையிலேயே குழாயை 1040 பாகைக்கு மேல் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு, 730-க்கும் 800-க்கும் இடையில் பதமாக்கி, அதாவது மறுபடி சூடாக்கிக் கடினத்தைத் தணித்து, அனுப்புகிறார்கள். அப்போது மார்ட்டன்சைட் என்ற, எஃகு ஆறும்போது உருவாகும் கெட்டியான நுண்ணமைப்பின் உள்ளே பொடிப்பொடியாகப் படியும் வனேடியம், நியோபியம் துகள்கள்தான் உலோகம் வருடக்கணக்கில் மெல்ல நீண்டுபோகாமல் பிடித்து வைக்கின்றன.

நாம் டார்ச்சைப் பிடித்து ஆர்க் எழுப்பியதும், அந்த இடத்தில் இதெல்லாம் உருகிக் கலைந்துவிடுகிறது. ஆறியதும் அங்கே இருப்பது பதமேறாத பச்சை மார்ட்டன்சைட். விக்கர்ஸ் அளவுகோலில் அளந்து பார்த்தால் கடினம் 400-ஐத் தாண்டும். கண்ணாடி மாதிரி. ஈரக் காற்றில் அப்படியே கிடந்தால் தானாகவே விரிசல் விடக்கூடும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை 760 பாகை அளவில் பிடித்து வைத்தால்தான் கடினம் 270-க்குக் கீழே இறங்கி, துகள்கள் மறுபடி படிந்து, மூட்டு குழாய்க்கு ஈடாகும். தகைவும் போகத்தான் செய்கிறது, ஆனால் நடப்பதில் அது பாதிகூட இல்லை. இது மூட்டையே மறுபடி பதமாக்கும் வேலை.

“தகைவு நீக்கம்” என்று படித்த பையன் என்ன செய்வான்? கரிம எஃகுக்குச் செய்த 620 பாகையே போதும் என்று நினைப்பான். தகைவு ஓரளவு தளரும், மூட்டு கடினமாகவே நிற்கும். இன்னொருவன், கூடக் கொடுத்தால் கூட நல்லது என்று சூட்டை ஏற்றுவான். 800 பாகையை ஒட்டி ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆஸ்டினைட் என்ற உயர்சூட்டு நுண்ணமைப்பு பிறந்து, ஆறும்போது மறுபடி பச்சை மார்ட்டன்சைட். நிரப்புக் கம்பியில் நிக்கலும் மாங்கனீசும் கூடினால் அந்தக் கோடு இன்னும் கீழே இறங்கும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் செய்கிற வேலைக்கு, தளர்த்துவது போன்ற பெயர் ஆகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. பி22-இல் பழகிய மூத்த வெல்டர்களின் பாடம் “ஆற விடாதே, முன்சூட்டிலிருந்து நேரே ஏற்று” என்பது. பி91-இல் முன்சூடு (பற்றவைக்கும் முன் ஏற்றும் சூடு) 200 பாகை, இடைச்சூடு (ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள சூடு) 300-ஐத் தாண்டாமல் பற்றவைத்து முடித்ததும், மூட்டை 100 பாகைக்குக் கீழே இறங்க விட வேண்டும். அப்போதுதான் ஆஸ்டினைட் முழுவதும் மார்ட்டன்சைட்டாக மாறும். மாறாமல் மிச்சம் இருந்தால் அதற்குப் பதமே ஏறாது; சூடு வேலை முடிந்து ஆறும்போது அதுவும் பச்சையாக உறைந்துவிடும். கெட்டியாகாததைப் பதமாக்க முடியாது என்று சொன்னால் தம்பிகளுக்கு உடனே புரிகிறது. “தகைவு நீக்கம்” என்ற பெயரிலிருந்து இந்த வரிசையை யாராலும் ஊகிக்க முடியாது.

“பற்றவைப்புக்குப் பிந்தைய வெப்பச் சிகிச்சை” என்பதில் தவறில்லை, நீளம்தான். சாரத்தின் மேல் நின்றுகொண்டு அதை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆகவே என் முன்மொழிவு: பின்பதமூட்டல். சுருக்கமாக, பின்பதம். முன்சூடு, இடைச்சூடு, பின்பதம் என்று மூன்றும் ஒரு வரிசையில் நிற்கும்.

---

தெலுக் இந்தானிலிருந்து, தமிழாசிரியர் ஐயாவின் பதில்:

தம்பி, விளக்கம் நன்று. ஆனால் ‘பின்பதம்’ என்றால் என் மாணவர்கள் இலக்கணம் என்று நினைப்பார்கள். பதம் என்றால் சொல். பகுபதம், பகாபதம் படித்தவர்கள் அல்லவா? அப்புறம், ‘பதப்படுத்தல்’ என்று டின் மீனுக்கும் தோலுக்கும் எழுதிப் பழகிவிட்டோம். கொல்லர்கள் சொல்லும் ‘தோய்ச்சல்’ இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் என்ன?

---

ஐயா, தோய்ச்சல் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்குவது அதற்குள்ளேயே இருக்கிறது. இங்கே தண்ணீர் பக்கத்தில்கூட வரக் கூடாது.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், பெயர் பொருந்துகிறதா பாருங்கள். மூட்டைச் சுற்றிப் பீங்கான் மணி கோத்த சூடேற்றும் பட்டைகளைக் கட்டுவார்கள். அதற்கு முன்பே சூட்டை அளக்கும் வெப்பமின் இரட்டைக் கம்பிகளைக் குழாயில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டியிருப்பார்கள். படுத்திருக்கும் குழாயில் உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று கட்டாயம், ஏனென்றால் சூடு மேலே ஏறும், அடிப்பக்கம் பின்தங்கும். உச்சியை மட்டும் பார்த்து 760 வந்துவிட்டது என்று எழுதினால் அடிப்பாதி வேகாமலே கிடக்கும். அதன் மேல் சூடு காக்கும் கம்பளி சுற்றி, பதிவுக் கருவியில் கோடு ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. பி91-க்குச் சுவர் மெல்லியதாக இருந்தாலும் பலர் இரண்டு மணி நேரத்துக்குக் குறைய விடுவதில்லை. பிறகு சூட்டை மெதுவாக இறக்க வேண்டும். பார்த்துப் பார்த்துப் பக்குவத்தில் நிறுத்துகிற வேலை இது. அதைத் தமிழில் பதம் பார்ப்பது என்றுதானே காலங்காலமாகச் சொல்கிறோம்?

இலக்கணக் குழப்பம் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால் கையேட்டில் தலைச்சொல்லாகப் ‘பின்பதமூட்டல்’ என்றே போடுகிறேன். ‘ஊட்டல்’ சேர்ந்ததும் யாரும் நன்னூலைத் தேட மாட்டார்கள். வேலையிடத்தில் தம்பிகள் பின்பதம் என்று சுருக்கிக்கொள்ளட்டும். திருச்சி அண்ணனின் ‘தகைவு நீக்கம்’ கரிம எஃகுப் பகுதியில் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே புத்தகத்தில் தனித்தனியாக நிற்பதுதான் எனக்கு வேண்டியது.

பதிவு இப்படி இருக்கும்:

பின்பதமூட்டல்: குரோமியம்-மாலிப்டினம் எஃகு மூட்டைப் பற்றவைத்த பின், குறித்த வெப்பநிலையில் குறித்த நேரம் பிடித்து வைத்து, அதன் கடினத்தைக் குறைத்து நுண்ணமைப்பைச் சீராக்குதல். பி91-க்குத் தொடங்குமுன் மூட்டு 100 பாகைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

பி22-க்கு இந்த வெப்பநிலை 700 பாகையை ஒட்டி வருவதால் அதற்குத் தனி வரி சேர்க்கிறேன். அடுத்து, பின்பதம் சரியாகவே போட்டிருந்தாலும் பல வருட ஓட்டத்துக்குப் பிறகு வெல்டுக்குப் பக்கத்துச் சூடுபட்ட பகுதியின் வெளி ஓரத்தில் வரும் விரிசலுக்குச் சொல் வேண்டும். நான்காம் வகை என்று எண்ணால்தான் உலகம் முழுக்க அழைக்கிறார்கள். “ஓரப் பிளவு” என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருக்கிறார். திருச்சி அண்ணன், அந்தப் பிளவைத் துண்டு வெட்டிப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பெயர் இடத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று சொல்லுங்கள்.