கூண்டைத் திறக்கும் முன் கண்ணில் படவேண்டியவை: ஆய்வக விலங்குப் பராமரிப்பு அனுபவப் பகிர்வு

நீலக்கையுறை:

அனிமல் ஹவுஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எலியை எப்படிப் பிடிப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். பிடிப்பதற்கு முன்பே, கூண்டைத் தொடாமல் பார்த்தாலே பாதிக் கோளாறு தெரிந்துவிடும். காலைச் சுற்றில் அடிக்கடி எதிர்ப்படுவதை, ஏன் அப்படி ஆகிறது என்பதோடு அவரவர் எழுதுங்கள். நான் தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். ஒரே இரவில் ஒரு கூண்டு முழுவதையும் கொன்றுவிடக்கூடியது அது.

ஒரு சுண்டெலி நாளொன்றுக்குச் சுமார் 4 முதல் 6 மி.லி. தண்ணீர் குடிக்கும். ஐந்து எலிகள் உள்ள கூண்டில் பாட்டில் மட்டம் 20 முதல் 30 மி.லி. வரை இறங்கியிருக்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் எலி நக்கிக் குடிக்கும் சிப்பர் குழாயின் முனையிலுள்ள சிறு உலோகக் குண்டு சிக்கியிருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது. உடனே தீவனத் தட்டைப் பாருங்கள். தண்ணீர் கிடைக்காத எலி தீவனத்தையும் குறைத்துவிடும். இரண்டும் நேற்றைய மட்டத்திலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு நேர்மாறானது வெள்ளம். எலிகள் படுக்கைத் தூளையும் கூட்டுப் பொருளையும் (கூடு கட்டக் கொடுப்பது) சிப்பருக்கு அடியில் குவித்துவிடும். அது குழாய் முனையைத் தொட்டால் போதும், திரிபோல உறிஞ்சி 250 மி.லி. பாட்டிலையும் காலி செய்துவிடும். காலையில் படுக்கை தொப்பலாக இருக்கும், எலிகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும். குட்டி இருந்தால் முதலில் போவது குட்டிதான். உடனே உலர்ந்த கூண்டுக்கு மாற்றி, உலர்ந்த கூட்டுப் பொருள் கொடுங்கள். கூண்டின் பாதி மட்டும் வெப்பத் திண்டின் மேல் இருக்கட்டும், சூடு அதிகமானால் விலகிப்போக இடம் வேண்டும். பிறகு விலங்கு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

பாட்டிலை மாட்டியதும், கிருமிநாசினி தெளித்த கையுறை விரலால் குண்டைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்து நிற்க வேண்டும். சொட்டிக்கொண்டே இருந்தால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், இல்லையேல் பாட்டிலில் விரிசல் இருக்கும்.

இன்னொன்று, 21 நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகள். கூட்டத்தில் மிகச் சிறியதற்குச் சிப்பர் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் நீளக் குழாய் மாட்டுங்கள், முதல் சில நாளைக்குத் தரையில் ஊறவைத்த தீவனமோ நீர்க்கூழோ வையுங்கள்.

முயலறை:

பிடிப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஹர்ஸ்ட், வெஸ்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, குழாயில் ஏறவைத்தோ குவித்த கையிலோ எடுக்கப்பட்ட எலிகளுக்குப் பதற்றம் குறைவு என்று காட்டியது. சுமார் 5 செ.மீ. அகலமுள்ள ஒளிபுகும் குழாய் போதும். அதைக் கூண்டின் சுவரை ஒட்டி வைத்து, மறு கையால் எலியை மெல்ல அதன் பக்கம் ஒதுக்குங்கள். உள்ளே போனதும் குழாயைச் சற்றே சாய்த்து, இரு முனையையும் உள்ளங்கையால் தளர்வாக மூடித் தூக்குங்கள். குழாயால் எலியைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. துரத்தினால் அடுத்த நாளிலிருந்து குழாயைப் பார்த்தாலே ஓடும். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு குழாயை நிரந்தரமாகப் போட்டுவைத்தால் இன்னும் எளிது.

சுண்டெலி அல்லாத பெரிய எலி இனத்தை வால் நுனியில் பிடித்தால் தோல் உறைபோல உரிந்து வந்துவிடும். தோளுக்குப் பின்னால் கை சுற்றிப் பிடியுங்கள், ஆனால் மார்பை இறுக்காதீர்கள். விலா அசைய முடியாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும்.

முயலில் பின்னங்கால்தான் எல்லாம். தசை பலம், முதுகெலும்பு இலேசு. பிட்டத்தைத் தாங்காமல் தூக்கும்போது ஓர் உதை உதைத்தால் அதன் சொந்த பலத்திலேயே இடுப்பு முள்ளெலும்பு முறியும். பிறகு பின்னங்கால் இழுபடும், சிறுநீர் தானாக ஒழுகும், பெரும்பாலும் கருணைக் கொலைதான் முடிவு. அதனால் ஒரு கை பிடரித் தோலில், மறு கை பின்புறத்தின் அடியில், தலை உங்கள் முழங்கை மடிப்புக்குள். காதைப் பிடிக்கவே கூடாது. மேசைமேல் வழுக்காத விரிப்பு இல்லாமல் முயலை இறக்காதீர்கள்.

கினிப் பன்றி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முயல் தீவனம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதில் வைட்டமின் சி இருக்காது. கினிப் பன்றியால் அதைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 மி.கி. தேவை. மூட்டை மாறிப்போனால் இரண்டு வாரத்தில் மூட்டு வீங்கும், நகர மறுக்கும், தொட்டால் கத்தும். நிலைப்படுத்தப்படாத வைட்டமின் சி சேர்த்த தீவனத்தை அரைத்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மூட்டை வந்த தேதியை எண்ணாதீர்கள், அரைத்த தேதியைப் பாருங்கள்.

நெற்றுக்கூடு:

நாற்றம் வந்தால் கழுவு என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அம்மோனியா மூக்கில் ஏறும் முன் கூண்டு மாற்ற வேண்டும் என்பது சரி. ஆனால் ஆண் சுண்டெலிகளை அடிக்கடி மாற்றினால் சண்டை கூடும், அவற்றின் அடையாள மணம் போய்விடுவதால். பழைய கூட்டுப் பொருளில் ஈரமில்லாத பகுதியைக் கொஞ்சம் புதுக் கூண்டுக்கு எடுத்துப் போடுங்கள். சிறுநீர் ஊறிய படுக்கையைப் போடாதீர்கள், அது சண்டையைத் தூண்டும். முதுகின் பின்பகுதி, வாலடி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கடிக்காயம் இருந்தால் கூண்டுக்குள்ளேயே சண்டைக்காரன் இருக்கிறான். பெரும்பாலும் காயமே இல்லாமல் இருப்பவன்தான் அவன்.

அறை வெப்பம் 20 முதல் 26 டிகிரி நமக்குச் சுகம். சுண்டெலிக்கு உண்மையில் 30 டிகிரி அளவில்தான் குளிர் தெரியாது. ஆகவே கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் கூட்டுப் பொருள் வைப்பது சலுகை அல்ல, தேவை. முந்தைய நாள் கொடுத்தது காலையில் கிண்ணம்போல் கட்டப்படாமல் சிதறியே கிடந்தால் அந்தக் கூண்டை இன்னொரு முறை பாருங்கள்.

கூண்டறை மருத்துவர்:

நெற்றுக்கூடு சொன்ன கடைசி வரியை எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டும், கூடு கட்டாமல் விடுவது வலியின் அறிகுறியாக இருக்கலாம். இரையாகும் விலங்கு ஆள் பக்கத்தில் நிற்கும்போது வலியை மறைக்கும். கூண்டை இழுத்துப் பார்க்காமல் ஒரு நிமிடம் எட்டி நின்று பாருங்கள். சுண்டெலியின் முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிடும் அளவுகோல் 2010-இல் வந்தது. கண் இடுங்குவது, மூக்கு மேடு, கன்ன மேடு, காது பின்னுக்குப் போவது, மீசை மாற்றம் என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். தூங்கும் எலிக்கும் தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும் எலிக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

அறுவைக்குப் பின் வலிநிவாரணி விஷயத்தில் ஓட்டை விழுவது இரவில். சாதாரண பூப்ரெனார்ஃபின் சுண்டெலியில் 4 முதல் 8 மணி நேரமே நிற்கும். மாலை ஐந்துக்கு ஓர் ஊசி போட்டுவிட்டுக் காலை ஒன்பதுக்கு வந்தால் நடுவில் பல மணி நேரம் அது வலியோடு கிடந்திருக்கிறது. நள்ளிரவு ஊசிக்கு யார் வருவது, அல்லது நீண்ட நேரம் நிற்கும் வகை மருந்தா என்பதை அறுவைக்கு முன்பே எழுதி முடிவு செய்யுங்கள்.

இரத்தம் எடுப்பதில் கணக்குத் தவறக் கூடாது. சுண்டெலிக்குக் கிலோவுக்குச் சுமார் 72 மி.லி. இரத்தம். 25 கிராம் எலியில் மொத்தமே 1.8 மி.லி. ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.18 மி.லி., பிறகு இரண்டு வார இடைவெளி. ஒழுகி வீணாவதையும், பஞ்சில் ஊறியதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கவேஜ் ஊசியை, அதாவது வாய்வழியே வயிற்றுக்குள் மருந்து செலுத்தும் குழல் ஊசியை, இறக்கும்போது மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா வரை நீளத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஊசி தன் எடையிலேயே இறங்க வேண்டும். தடுத்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். மூக்கில் திரவம் தெரிந்தால் அந்த எலிக்கு அன்று மருந்து கொடுப்பதை நிறுத்திவிடுங்கள், நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதைத் தனியாக வைத்துக் கவனியுங்கள்.

நீலக்கையுறை:

டாக்டர், கருணைக் கொலைக்கான கரியமில வாயுப் பெட்டி பற்றியும் எழுதுங்கள். அதில்தான் அவசரம் அதிகம்.

கூண்டறை மருத்துவர்:

பெட்டியை முன்கூட்டியே வாயுவால் நிரப்பி வைத்து விலங்கை உள்ளே விடக் கூடாது. மூக்கிலும் கண்ணிலும் எரிச்சல், மூச்சுத் திணறல் இரண்டும் நினைவு இருக்கும்போதே வந்துவிடும். பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற அளவில் வாயு உள்ளே போக வேண்டும். 10 லிட்டர் பெட்டி என்றால் நிமிடத்துக்கு 3 முதல் 7 லிட்டர். ஓட்டமானி இல்லாத சிலிண்டரைப் பயன்படுத்தாதீர்கள். கூடுமானவரை சொந்தக் கூண்டிலேயே, வேறு கூண்டு விலங்கைக் கலக்காமல் செய்யுங்கள். மூச்சு நின்றது மரணம் ஆகாது. இதயத் துடிப்பைப் பார்த்து, இரண்டாவது முறை ஒன்றால் உறுதி செய்த பிறகே பையில் போட வேண்டும். பிறந்த குட்டிகள் குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும், அவற்றுக்கு மிக நீண்ட நேரம் பிடிக்கும். அவற்றுக்கு வேறு முறையை முன்பே அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூசித்தொட்டி:

நம் உடம்பைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வாமைக்குக் காரணம் ரோமம் என்று பலர் நினைக்கிறார்கள். எலி சிறுநீரிலுள்ள புரதம் உலர்ந்து தூசியில் ஏறி வருவதுதான் முக்கியக் காரணம், ஆண் எலியில் அது அதிகம். அழுக்குப் படுக்கையைக் கொட்டும் நேரமே ஆபத்தான நேரம். ஹெப்பா வடிகட்டி உள்ள கொட்டுமேசையில் கொட்டுங்கள், முகத்தோடு பொருந்தும் என்95 அணியுங்கள், மேலங்கியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தும்மலும் கண் அரிப்பும் வேலை நாளில் மட்டும் வந்து விடுமுறையில் மறைந்தால் அப்போதே தொழில் மருத்துவரிடம் போங்கள். ஆஸ்துமா ஆனபின் போவது தாமதம்.

கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, பதிவேட்டில் எழுதுங்கள். எலி கடித்த சில நாளில் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் எலிகளோடு வேலை செய்வதை மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எலிக்கடிக் காய்ச்சல் நினைவுக்கு வராது.

பதிவேடு:

கூண்டு அட்டையில் அனுமதி எண், விலங்கு எண்ணிக்கை, பிறந்த தேதி, பொறுப்பாளரின் இரவு நேரத் தொலைபேசி எண் நான்கும் இருக்க வேண்டும். நான்காவதுதான் பெரும்பாலும் இருக்காது. ஞாயிறு காலை ஓர் எலி 20 சதவீத எடை குறைந்து கூனிக் கிடக்கும்போது, வலி தெரியாமல் முடித்துவிட யாரிடம் கேட்பது என்று பராமரிப்பாளர் திகைத்து நிற்பார். எந்த நிலையில் நிறுத்துவது என்ற எல்லையை நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே எண்ணால் எழுதுங்கள். "விலங்கு மிகவும் துன்பப்பட்டால்" என்று எழுதினால் யாராலும் முடிவெடுக்க முடியாது. எத்தனை சதவீத எடை இழப்பு, கட்டி எத்தனை மி.மீ., எத்தனை மணிக்கு ஒருமுறை பார்ப்பது, பொறுப்பாளர் எடுக்காவிட்டால் எத்தனை நிமிடம் கழித்து விலங்கு மருத்துவரே தீர்மானிக்கலாம் என்பதெல்லாம் வேண்டும். மருந்தின் அளவையோ ஊசி போடும் வழியையோ மாற்றினால் திருத்த அனுமதி முதலில், மாற்றம் பிறகு. அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் கூண்டறைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அது யாருக்கும் கிடைக்காது.