வன்னி 2009: மக்கள் தொகைக் கணக்கும் நிவாரணத்தின் அளவும்

காவிரிக்கரை (கேள்வி):

வணக்கம். இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டம் குறித்து முதுகலைப் படிப்புக்கான ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதி வருகிறேன். ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 2009 பிப்ரவரியில் போர்ப் பகுதியான வன்னிக்குள் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரே இருப்பதாக இலங்கை அரசு கூறியது. அன்றைய இந்திய வெளியுறவு அமைச்சரும் நாடாளுமன்றத்தில் அதே எண்ணைத்தான் சொன்னார். ஆனால் போர் முடிந்தபின் மெனிக் பாம் முதலிய இடம்பெயர்ந்தோர் முகாம்களில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இவ்வளவு பெரிய வேறுபாடு வெறும் கணக்குப் பிழையாக இருக்க முடியுமா? உணவும் மருந்தும் அனுப்புவதில் அந்த எண்ணுக்கு என்ன பங்கு இருந்தது? உணவு முற்றாகத் தடுக்கப்பட்டது என்று ஒரு சாராரும், கப்பலில் தொடர்ந்து அனுப்பினோம் என்று அரசுத் தரப்பும் கூறுவதால் எதை ஏற்பதென்று தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓமந்தை (பதில்):

கப்பல் போனதும் உண்மை, மக்கள் பட்டினி கிடந்ததும் உண்மை. இரண்டையும் இணைப்பது நீங்கள் சுட்டிக்காட்டிய அந்த எண்தான். அக்காலத்தில் வவுனியாவில் நிவாரணக் களஞ்சியம் ஒன்றில் பணியாற்றியவன் என்ற முறையில் கணக்கை விளக்குகிறேன். அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி எல்லாம் சேர்த்து ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டுதான் உலர் உணவு ஒதுக்கப்படும். 70 ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 35 தொன் போதும். 3 இலட்சம் பேருக்கு 150 தொன் வேண்டும். முதல் எண்ணை ஏற்றுக்கொண்டு ஒருவர் ஒரு பிடி அரிசிகூடக் குறையாமல் அனுப்பியிருந்தாலும், உள்ளே இருப்பவருக்கு வேண்டியதில் நாலில் ஒரு பங்குகூடக் கிடைத்திருக்காது. அதையும் தொடர்ந்து அனுப்பவில்லை என்பது வேறு விடயம்.

சரியான எண் கொழும்புக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல இடமில்லை. கிராம அலுவலர்களின் பதிவும் சங்கக் கடைகளின் (கூட்டுறவுக் கடைகளின்) குடும்ப அட்டைகளும் இருந்தன. முல்லைத்தீவு மாவட்ட நிர்வாகத்தின் உயர் அலுவலர் ஒருவர் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருப்பதாக எழுதியபோது, அந்த எண் ஆதாரமற்றது என்றும், தவறான தகவல் தந்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரிடும் என்றும் அமைச்சிலிருந்து பதில் போனது. நீங்கள் படிக்கும் அறிக்கையிலேயே இது இருக்கிறது. பிழை என்றால் திருத்தியிருப்பார்கள். எண்ணிச் சொன்னவரை மிரட்டியிருக்க மாட்டார்கள்.

பாதையின் வரலாற்றையும் கவனியுங்கள். 2008 செப்டெம்பரில் அரசு பணித்ததன் பேரில் ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று மக்கள் அலுவலக வாசலில் நின்று மன்றாடியும் பயனில்லை; செஞ்சிலுவைக் குழு மட்டும் நிலைத்தது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை உலக உணவுத் திட்டத்தின் 11 லொறித் தொடரணிகள் தரைவழியே உள்ளே சென்றன. கடைசித் தொடரணியுடன் சென்ற ஐ.நா. அலுவலர்கள், மக்கள் ஒதுங்குவதற்கென அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் சுதந்திரபுரத்தில் தங்கி, தாங்கள் இருக்கும் இடத்தை இராணுவத்துக்கு அறிவித்திருந்தனர். ஜனவரி 24 அதிகாலையில் அங்கேயே எறிகணைகள் விழுந்தன. அதன்பின் தரைவழி இல்லை. பெப்ரவரி 10இலிருந்து மே 9 வரை கடல்வழி மட்டுமே. செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் திரும்பும்போது காயப்பட்டவர்களும் நோயாளரும் உடன் வந்த உறவினருமாக ஏறத்தாழ 14 ஆயிரம் பேரை வெளியே கொண்டுவந்தது.

தென்றல்வாசி (பதில்):

ஓமந்தை ஐயா கூறியவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் படிப்புக்கான கட்டுரை என்பதால் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். அத்தனை பேர் அந்தச் சிறு கரையோரத்தில் அடைபட்டதற்கு அரசின் முற்றுகை மட்டும் காரணமன்று. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தனர், சிலரைச் சுட்டனர், குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துச் சென்றனர், மக்கள் நெருங்கியிருந்த இடங்களுக்கு அருகிலிருந்து பீரங்கியும் இயக்கினர். ஐ.நா.வின் உள்ளூர்ப் பணியாளர்களைக்கூடக் குடும்பத்தோடு வெளியேற அவர்கள் விடவில்லை. இதையும் அதே வல்லுநர் குழுதான் பதிவு செய்திருக்கிறது. ஆகவே அறிக்கையில் ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. ஆயுதம் கடத்தப்படலாம் என்ற ஐயம் இருக்கும்போது, லொறிகளைச் சோதிக்கவும் சில பொருட்களைத் தடுக்கவும் அரசுக்கு உரிமை இல்லையா? மருந்து எந்த வகையில் தடுக்கப்பட்டது?

மணற்காடு (பதில்):

சோதிக்கும் உரிமை உண்டு. உள்நாட்டுப் போர்களுக்கான ஜெனீவா இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இலங்கை இணையவில்லை. ஆனாலும் செஞ்சிலுவைக் குழு 2005இல் தொகுத்த, ஒப்பந்தத்தில் இணையாத நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டத்தின் 55ஆவது விதி, பக்கச்சார்பற்ற நிவாரணம் விரைவாகவும் தடையின்றியும் செல்ல இரு தரப்பும் இடமளிக்க வேண்டும் என்கிறது. பட்டினியைப் போர்முறையாக்குவதை 53ஆவது விதி தடுக்கிறது. சோதனை என்ற பெயரில் உயிர் காக்கும் பொருளைக் காரணமின்றி மறுப்பது அந்த உரிமைக்குள் அடங்காது.

எங்கள் தலைமுறைக்கு இது பழக்கமான விடயம். வடபகுதி மீது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிப் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அவை இல்லாமலும் எப்படியோ சமாளிக்கலாம். மயக்க மருந்துக்கும் இரத்தப் பைக்கும் அப்படி மாற்று எதுவும் கிடையாது. 2009இல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் இவை வந்தது மிகச் சொற்பம். கிழித்த துணியே கட்டுத்துணியாயிற்று. மயக்க மருந்தின்றியே உறுப்புகள் அகற்றப்பட்டன. எவரும் "மருந்துக்குத் தடை" என்று ஆணையிட்டு எழுதவில்லை. 70 ஆயிரம் பேருக்கு இவ்வளவு போதும் என்று எழுதினார்கள்.

நிவாரணம் வந்துசேர்ந்த இடத்திலும் மக்கள் பாதுகாப்பாக இல்லை. 2009 ஏப்ரல் 8 அளவில் அம்பலவன்பொக்கணையில் குழந்தைகளுக்கான பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மார் மீது எறிகணை விழுந்தது. இறந்த சிலரின் கைகளில் பால்மா அட்டை இருந்தபடியே இருந்தது.

ஓமந்தை:

மணற்காடு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாகத் தொகுத்து வைத்திருந்தும் அதனை வெளிப்படையாக அறிவிக்கவில்லை. பேசினால் உள்ளே செல்லும் அனுமதி பறிபோகும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். அந்த அனுமதியோ ஏற்கெனவே பெயரளவில்தான் இருந்தது. இறந்தோர் தொகை 40 ஆயிரம் வரை இருந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது என்று வல்லுநர் குழு பின்னர் கூறியது. அந்த மௌனத்தை ஐ.நா. தானே ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியிட்ட உள்ளக மீளாய்வு அறிக்கையையும் கட்டாயம் படியுங்கள். 2008 செப்டெம்பர் வெளியேற்றத்தைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்கி, மாதந்தோறும் அரசு சொன்ன எண்ணையும் உள்ளே போன தொன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள்; உங்கள் கட்டுரைக்கு அந்த அட்டவணை ஒன்றே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.