ஓய்வூதியர் வாட்ஸப் குழுவில் இணையவழி இனவரைவியல்: எங்கே தொடங்குவது?

மாடக்குளம்: மதுரை ஓய்வூதியர்கள் 140 பேர் உள்ள வாட்ஸப் குழுவில் இணையவழி இனவரைவியல், அதாவது குழுவுக்குள்ளேயே இருந்து அவங்க பேச்சையும் பழக்கத்தையும் கவனித்து எழுதும் ஆய்வு. ஆறு மாதக் களப்பணி. அட்மின் சரின்னுட்டார். சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி ஆரம்பிக்கலாமா?

வைகைக்கரை: அட்மின் வாசலைத்தான் திறந்துவிட முடியும், மற்ற 139 பேருக்காகச் சம்மதம் சொல்ல முடியாது. நீங்கள் யார், எதற்கு, எத்தனை நாள், எப்படி விலகலாம் என்று ஒரு நிமிடக் குரல்பதிவு போடுங்கள். பிடிஎஃப் வேண்டாம், பலர் திறக்கவே மாட்டார்கள். புது ஆள் சேர்ந்தால் மறுபடி போடணும். சம்மதிக்காதவர் செய்தியை மட்டும் நீக்கினால் போதாது. அவருக்கு வந்த பதிலிலேயே அவர் சொன்னது தெரிந்துவிடும்.

கீழவாசல்: மீடியா இல்லாமல் எக்ஸ்போர்ட் எடுத்தால் குரல்பதிவும் காலை வணக்கப் படமும் காணாமல் போகும். செய்திகள் தானாக அழியும் 'மறையும் செய்தி' வசதியை குழுவில் வைத்திருந்தால் 24 மணி நேரம், 7 நாள் அல்லது 90 நாளில் எல்லாமே போச்சு. அன்றன்றே குறிப்பெழுதுங்க. ரோஜாப்பூ படத்தை வெறும் ஃபார்வர்டுன்னு தள்ளிடாதீங்க. தினம் 5:30க்குப் போடுபவர் ஒருநாள் போடலைன்னா, "சாருக்கு உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்விதான் தரவு. சித்திரைத் திருவிழா மாதத்தை வழக்கமான மாதமா எடுத்துக்காதீங்க, குழு அப்போ வேற மாதிரி இருக்கும்.

மாடக்குளம்: எதுவும் போடாமல் படிக்க மட்டும் செய்யும் ஆட்களை எப்படிக் கவனிக்கறது?

கீழவாசல்: நேரில்தான். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடைப்பயிற்சி முடிந்ததும், போனை அவர் கையிலேயே வைத்துக் காட்டச் சொல்லுங்க.

வைகைக்கரை: எழுதும்போது கவனம். "மேலமாசி வீதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்" என்று போட்டுவிட்டுப் பெயரை மறைத்து என்ன பயன்?