மஹிந்திரா தாருக்குப் பெரிய டயர் போட்டால் இன்சூரன்ஸ் கிளெய்ம் எங்கே மாட்டும்? வேலூர், ராணிப்பேட்டை பக்க அனுபவங்கள்

டயர் கடை, காட்பாடி

தார், ஜிம்னி, கூர்கா மாதிரி ஜீப் வாங்கினவங்க கடைக்குள்ள வந்ததும் கேக்குறது "எவ்ளோ பெருசு உள்ள போகும்?"னுதான். போகுமா போகாதான்றது அப்புறம். முதல்ல கணக்கு போட்டுப் பாருங்க.

தார் 18 இஞ்ச் வீலுக்குக் கம்பெனி டயர் 255/65 ஆர்18. 255ன்றது டயர் அகலம் மில்லிமீட்டர்ல, 65ன்றது பக்கவாட்டு உயரம் அகலத்துல எத்தனை சதவீதம்னு, 18 ரிம் இஞ்ச். 255-ல 65 சதவீதம் 165.75 மில்லிமீட்டர். மேலயும் கீழயும் சேர்த்து 331.5. ரிம் 457.2. மொத்த உயரம் 788.7. அந்த ரிம்லயே 285/65 போட்டா 827.7, கிட்டத்தட்ட 5 சதவீதம் ஏறிடுது. 16 இஞ்ச் வீல் வண்டியில 245/75-ஐக் கழட்டிட்டு 285/75 போட்டா 773.9 போய் 833.9. இது 7.75 சதவீதம். ஜிம்னியில 195/80 ஆர்15-க்குப் பதிலா 215/75 போட்டா ஒன்றரை சதவீதம்தான், 235/75 போட்டா 5.8.

தொழில்ல வெச்சிருக்கிற எல்லை 3 சதவீதம். அது சட்டம் இல்ல, அதுக்குள்ள மீட்டரும் கியரும் சமாளிக்கும், அவ்வளவுதான். கம்பெனி மீட்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரிதான் வெச்சிருப்பாங்க. பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்னுடும். 7.75 சதவீதம் ஏறினா, முன்னாடி 95-ல போன வண்டி அதே மீட்டர் முள்ளுக்கு 102-ல போகும். நாலு வழிச்சாலையில காருக்கு மத்திய அரசு 2018-ல வெச்ச உச்சவரம்பே 100தான், போர்டு பல இடத்துல அதுக்கும் கம்மி. ஆம்பூர் பக்கம் கேமரா ஃபைன் வந்துச்சுன்னு மீட்டரைத் திட்டாதீங்க. ஓடின தூரம் காட்டுற ஓடோமீட்டரும் குறைச்சுக் காட்டும்: 10,000னு காட்டும்போது வண்டி 10,775 ஓடியிருக்கும். ஆயில் மாத்துற கணக்கு அங்கேயே தப்பும்.

இன்னொன்னு, உயரத்தை மட்டும் பாக்காம பக்கவாட்டு எழுத்தைப் படிங்க. லோடு இண்டெக்ஸ் 109னா ஒரு டயர் 1030 கிலோ தாங்கும், 116னா 1250. வேக எழுத்து க்யூன்னா 160, எஸ்னா 180. சேத்துக்கான மட் டெரெய்ன் டயர் நிறைய க்யூலதான் வருது. கதவு ஓரத்து ஸ்டிக்கர்லயும் மேனுவல்லயும் இருக்கிற லோடுக்கும் வேகத்துக்கும் கீழ இறங்காதீங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பழைய இறக்குமதி டயர் எவ்ளோ மலிவா கிடைச்சாலும் வேணாம். பக்கவாட்டுல இருக்கிற DOT-ன்ற எழுத்துக்குப் பின்னாடி கடைசி நாலு எண் 2319னு இருந்தா அது 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்ச டயர்.

சர்வேயர், வேலூர்

"டயர் மாத்தினா இன்சூரன்ஸே செல்லாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை. பாலிசியில் இரண்டு பகுதி இருக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது.

மூன்றாம் நபர் பகுதியில், அடிபட்டவருக்குக் கம்பெனி தரவேண்டிய இழப்பீட்டை மறுக்க என்னென்ன காரணம் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. லைசென்ஸ் இல்லாதது, வாடகைக்கு ஓட்டியது, பந்தயம், பிரீமியம் போய்ச் சேராதது போன்றவை. டயர் அளவு அதில் இல்லை. ஆனால் முக்கியமான விவரத்தை மறைத்து எடுத்த பாலிசி என்பது அந்தப் பட்டியலில் உண்டு. பாலிசி எடுக்கும்போது நிரப்பும் புரொபோசல் படிவத்தில் "வண்டியில் மாற்றம் செய்திருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் போட்டிருந்தால், அந்த வழியாக உள்ளே வருவார்கள். அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கக் கேட்பார்கள்.

சொந்தச் சேதப் பகுதியில் எல்லாம் ஒரே கேள்வியில் நிற்கிறது: விபத்துக்கும் டயருக்கும் தொடர்பு உண்டா? கொணவட்டம் சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னாலிருந்து லாரி இடித்தால் டயர் 33 இஞ்ச்சாக இருந்தாலும் அதற்கும் இடிக்கும் சம்பந்தமில்லை. 2021 நவம்பர் பாலாற்று வெள்ளம் போல நிறுத்திய வண்டியில் தண்ணீர் ஏறினாலும், திருட்டுப் போனாலும் அப்படியே. இவற்றை டயரைக் காட்டி மறுத்தால் எதிர்த்து எழுதுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் வண்டியைத் தூக்கும் 2 இஞ்ச் லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போட்ட வண்டி கவிழ்ந்தது என்றால் நிலைமை வேறு. புவியீர்ப்பு மையம் உயர்ந்திருக்கிறது, பிரேக் நிறுத்தவேண்டிய சுழலும் எடை கூடியிருக்கிறது. விபத்துச் சேதத்தை மதிப்பிடும் எங்களால் அதை எழுதாமல் ரிப்போர்ட் முடிக்க முடியாது. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையைத்தான் கம்பெனி அப்போது எடுத்துக் காட்டும்.

டயரின் பணம் தனி. வண்டியும் சேர்ந்து சேதமானால் மட்டுமே டயருக்குக் கிடைக்கும், அதுவும் சாதாரண பாலிசியில் மாற்று விலையில் பாதி. பெரிய டயரையும் அலாய் வீலையும் உபரிப் பொருளாக மதிப்போடு பாலிசியில் சேர்க்காவிட்டால் நாங்கள் கம்பெனி அளவின் விலையைத்தான் போடுவோம்.

ஒரு வேண்டுகோள். இடித்த பிறகு ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய டயரை மாட்டிக் கொண்டுவராதீர்கள். ரோட்டில் எடுத்த போட்டோ, டோல் கேமரா, டயர் தேய்மானம், ஃபெண்டர் உள்பக்க உரசல் எல்லாம் காட்டிக் கொடுக்கும். வராமல் போயிருக்கக் கூடிய மறுப்பு அப்போது கட்டாயம் வரும்.

கேள்வி, குடியாத்தம்

அண்ணா, கார் ஆர்.சி.ல டயர் சைஸே இல்லையே. இல்லாததை மாத்தினா குத்தமா?

வழக்கறிஞர், சத்துவாச்சாரி

நல்ல கேள்விதான் தம்பி. இந்த வாதத்தை நீதிமன்றத்திலும் வைக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பது, ஆர்.சி. விவரம் உற்பத்தியாளர் சொன்னதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதை. அதன் விளக்கத்தில் மாற்றம் என்றால் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றம் என்றிருக்கிறது. டயர் மட்டும் என்றால் பேச இடமிருக்கிறது. லிஃப்ட் கிட், வெட்டிய ஃபெண்டர், அகல ரிம் எல்லாம் சேர்ந்தால் அந்த இடம் சுருங்கிவிடும். 2019 ஜனவரி 9 அன்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் உற்பத்தியாளர் நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182-ஏ(4) உதிரிபாகம் பொருத்துவதையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். முன்பக்கத்தில் மாட்டும் கம்பியான புல் பார் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு.

உயிர்ச்சேத வழக்கில் என் கண் முதலில் போவது பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டுக்கு. "இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை" என்று வழக்கமான வரியோடு முடிந்தால் டயர் பேச்சே எழாது. டயர் உற்பத்தியாளர் அளவில் இல்லை, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் இருக்கிறது என்று ஒரு வரி சேர்ந்தால் குற்ற வழக்கு, இழப்பீட்டுத் தீர்ப்பாயம், இன்சூரன்ஸ் மூன்றிலும் அந்தக் காகிதம் சுற்றும். ஆய்வு முடிந்ததும் நகல் கேட்டு வாங்குங்கள்.

கிளெய்ம் முழுதாக மறுக்கப்பட்டாலும் கதை முடிவதில்லை. நிபந்தனை மீறலுக்காக முழுதும் மறுக்காமல் 75 சதவீதம் தரச் சொன்ன தீர்ப்பை 2008-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அது வாடகைக்கு ஓட்டிய, திருடுபோன வண்டி. டயர் விஷயத்திலும் அதை மேற்கோள் காட்டிக் கேட்கலாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதம் பொறுத்து சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்). செலவில்லை, வரம்பு 50 லட்சம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அலைன்மென்ட், ராணிப்பேட்டை

சட்டம் அவங்க சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்ல ஏறுற கோளாறு எங்கிருந்து வருதுன்னு நான் சொல்றேன்.

உரசுறதை மட்டும் பாக்காதீங்க. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, ஒரு முன் சக்கரத்தை மேடு ஏத்தி நிறுத்தி, பிரேக் ஹோஸுக்கும் டயருக்கும் நடுவுல விரல் போகுதான்னு பாருங்க. தரையில நிக்கும்போது தள்ளி இருக்கிற ஹோஸ் சஸ்பென்ஷன் அமுங்கும்போது தொடும். ஒடுகத்தூர், அமிர்தி மண் ரோட்டுல நாலு தடவை போய் வந்தா ரப்பர் தேஞ்சிருக்கும், மலையில இறங்கும்போதுதான் தெரியும்.

ஸ்பேசர்தான் மோசம். சக்கரத்தை வெளிய தள்ளினதும் ஹப் பேரிங்குக்கு வேற கோணத்துல பாரம் விழுது, பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் சீக்கிரம் ஆடுது. டயர் ஃபெண்டரை விட்டு வெளிய நின்னா போலீஸ்காரர் டேப் எடுத்து அளக்கவே வேணாம். ஸ்பேசர் போட்டே தீருவேன்னா போல்ட்டை டார்க் ரெஞ்சுல இறுக்கி, 100 கிலோமீட்டர்ல மறுபடி இறுக்குங்க. நான் போடுறதில்ல.

ஸ்டெப்னியை மறந்துடுவாங்க. நாலும் 285, பின்கதவுல பழைய 255. பஞ்சர்ல அதை மாட்டிக்கிட்டு தார் போட்ட ரோட்டுல 4 எச்-ல (நாலு சக்கரமும் இழுக்கிற கியர்) போட்டீங்கன்னா முன்னும் பின்னும் வேற வேற சுத்து, முன் பின் சக்கரத்துக்கு பவரைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிக்கும். ஏ.பி.எஸ். லைட்டும் எரியலாம். பெரிய டயரையே பின்கதவுல தொங்கவிட்டா கீல் இறங்கும்.

காத்து விஷயம் இந்த ஊருக்குன்னே சொல்லணும். ஜவ்வாது மலை மண்ணுக்கு 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிட்டு, அப்படியே ஹைவேல ஏறி வேலூர் மே மாச வெயில்ல 90-ல ஓட்டினா சைடுவால் சூடேறி வெடிக்கும். 6 டிகிரி ஏறினா சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும், அதனால சூடா இருக்கும்போது அளந்து சரியா இருக்குன்னு நம்பாதீங்க. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி அளங்க.

ஆர்.டி.ஓ. கன்சல்டன்ட், வேலூர்

மஞ்சள் போர்டு வண்டிக்கு இதெல்லாம் நினைக்கவே வேணாம். முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி. (தகுதிச் சான்று), அப்புறம் வருஷா வருஷம். அந்த வகை வண்டியோட பதிவுலயே ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் டயர் அளவு இருக்கும். சொந்த வண்டிக்கு 15 வருஷம் கழிச்சு ரினீவல். பழைய டயர் செட்டை வித்துட்டவங்கதான் அப்போ செகண்ட் ஹேண்ட் கடையா அலையுறாங்க.

கேள்வி, குடியாத்தம்

ஏற்கனவே போட்டுட்டேன், 285/65. இப்போ என்ன செய்யலாம்?

சர்வேயர், வேலூர்

மேனுவலில் உங்கள் மாடலுக்கு அந்த அளவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி அளவுக்குத் திரும்புவதே சுத்தம். வைத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் பில், அளவு, நான்கு பக்கப் போட்டோவோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இமெயில் போட்டு எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பாலிசியில் பதிந்து தருவது) கேளுங்கள். ஏஜென்ட் "பரவாயில்ல சார்" என்று போனில் சொல்வது கணக்கில் வராது. மறுத்துப் பதில் வந்தால் குறைந்தது நிலைமை தெரியும். ஆனால் எண்டார்ஸ்மென்ட் கிடைத்தாலும் அது ஆர்.டி.ஓ. பிரச்சினையைத் தீர்க்காது.

பாலிசி காலாவதியாகி மறுபடி எடுக்கும்போது கம்பெனி வண்டியைப் போட்டோ எடுக்கும். அந்தப் படத்தில் பெரிய டயர் தெளிவாகத் தெரிந்து, அதன்மேல் பாலிசியும் கொடுத்திருந்தால், பிறகு மறைத்துவிட்டார் என்று அவர்கள் சொல்வது கடினம். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டின் நகலையும் போட்டோவையும் அன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள்.