'ராவனஸ்': இந்தப் பசிக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களே, ஓநாய்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். பனிக்காலம் முடிந்து, கூட்டம் மான் மந்தைமேல் பாயும் இடத்தில் 'ராவனஸ்' (ravenous, பெரும்பசி கொண்ட) என்று வருகிறது. பத்து நாளாக அந்த ஒரு சொல்லில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

எழுத்துக்கூட்டலைப் பார்த்து, அண்டங்காக்கையைக் குறிக்கும் 'ரேவன்' (raven) என்ற சொல்லோடு உறவு என்றே நம்பியிருந்தேன். உறவே இல்லை. பறவையின் பெயர் பழைய ஆங்கிலத்தில் பிறந்தது. இது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனின் 'ராபினா', அதாவது கொள்ளை, பறிப்பு. வேட்டைப் பறவைகளை 'ராப்டர்' என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். முதலில் பறித்துத் தின்னும் குணத்தைச் சொன்ன சொல், பிறகுதான் பெரும்பசிக்கு வந்தது.

'கடும்பசி' போட்டேன், அந்தப் பாய்ச்சல் இல்லை. 'அகோரப் பசி' பந்திக்குக் காத்திருப்பவர் சொல்வதுபோல் இருக்கிறது. 'யானைப்பசி' ஓநாய்க்கு ஒட்டவில்லை. மணிமேகலையில் காயசண்டிகையின் 'யானைத்தீ' எவ்வளவு அழகான சொல்! ஆனால் அது எவ்வளவு உண்டாலும் அடங்காத பசிநோய். தமிழ் விவிலியத்தையும் புரட்டினேன். மத்தேயு 7:15இல் 'பட்சிக்கிற ஓநாய்கள்', ஆதியாகமம் 49:27இல் 'பீறுகிற ஓநாய்'. 'பீறுகிற' மிக நெருங்கி வருகிறது, ஆனால் அதில் பசி இல்லை.

பசியும் பறிப்பும் சேர்ந்து ஒலிக்கும் ஒரு சொல் உங்கள் ஊர்ப் பேச்சிலோ பழைய பாடல்களிலோ இருக்கிறதா?