வயிற்றறைக்கும் இடுப்பறைக்கும் நடுவே சுவரே இல்லையா?

கேள்வி:
மார்பையும் வயிற்றையும் உதரவிதானம் பிரிக்கிறது. இடுப்பறை எங்கே தொடங்குகிறது? டிசெக்‌ஷனில் (உடலை அறுத்துப் படிக்கும்போது) கையை விட்டால் தடையே தட்டுப்படவில்லையே.

பதில் 1:
தட்டுப்படாது. அங்கே இருப்பது ஒரு எலும்பு விளிம்புதான். பின்னால் சேக்ரத்தின் (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு) மேல்முனை (புரோமான்டரி); அங்கிருந்து பக்கவாட்டில் ஆர்க்குவேட் கோடு, பெக்டினியல் கோடு (இரண்டும் இடுப்பெலும்பின் உள்பக்க மேடுகள்) வழியாக முன்னால் பியூபிக் சிம்பசிஸின் (இடுப்பெலும்புகள் இரண்டும் முன்னால் சேரும் மூட்டு) மேல்விளிம்புவரை விரலை ஓட்டிப் பாருங்கள். அந்த வளையத்துக்குக் கீழேதான் உண்மை இடுப்பறை. பலரும் சறுக்குவது இலியத்தின் (இடுப்பெலும்பின் மேல்பகுதி) அகன்ற இறக்கையில்: அதன்மேல் கிடக்கும் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) வயிற்றறைக் கணக்கு.

பதில் 2:
நிற்கும்போது அந்த வளையம் கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 55 பாகை சாய்ந்திருக்கும். இடுப்பறையை வயிற்றறைக்கு நேர் கீழே வரையாதீர்கள். அது பின்னோக்கி மடிந்தது.

பதில் 3:
சுவர் இல்லாததால் ரத்தமோ சீழோ தாராளமாக ஓடும். மல்லாந்து படுத்தால் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே மாரிசன் பையில் தேங்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் மலக்குடலுக்கு முன்னால்: பெண்களில் கருப்பைக்குப் பின்னே டக்ளஸ் பை, ஆண்களில் சிறுநீர்ப்பைக்குப் பின்னே.

சிறுநீர்ப்பை பெரிட்டோனியத்துக்கு (வயிற்றுறுப்புகளைப் போர்த்திய மெல்லிய உறை) வெளியே, அதன் கீழே இருக்கிறது. நிரம்பி மேலெழும்போது அந்த உறையையும் தூக்கிவிடும். அப்போது சிம்பசிஸுக்குச் சற்று மேலே சிறுநீர் எடுக்க ஊசி போட்டால் உறை துளைபடாது. காலியாக இருக்கும்போது குத்தினால் குடல்தான் மாட்டும்.